கரகரப்பிரியாவின் முகவரி

அக்கா கல்யாணத்து மொய் நோட்டை கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. நோட்டில் இருந்த பெயர்களைத் தமிழில் தட்டச்சு செய்து, அகர வரிசையில் அடுக்கி, நன்னாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், க வரிசையில் வந்து நின்றுவிட்டார். கபீர், கலீல், கனி, காதர். ஒருவர் பின் ஒருவராக நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏன்டா, நாலு பேரும் நாலு தெரு. நீ எல்லாரையும் ஒரே வீட்டுல குடி வெச்சுட்டியே?"

எனக்குப் புரியவில்லை. அவர் நோட்டின் ஓரத்தில் அரபு எழுத்தில் நான்கையும் எழுதிக் காட்டினார். கபீரின் முதலெழுத்து காஃப். கலீலுக்குத் தொண்டையைச் செருமுவதுபோல் வரும் கா. கனிக்கு கைன். காதருக்கு அடித்தொண்டையில் பிறக்கும் காஃப். நான்கும் வேறு எழுத்துகள், வேறு ஒலிகள். அது மட்டுமில்லை, அரபு எழுத்துகளுக்கு எண் மதிப்பும் உண்டு. அப்ஜத் என்ற அந்த முறையில் கபீரின் எழுத்துக்கு 20, காதரின் எழுத்துக்கு 100, கலீலின் எழுத்துக்கு 600, கனியின் எழுத்துக்கு 1000. எங்கள் கோட்டக்குப்பத்தில் மட்டுமில்லை, எந்த ஊரிலும் முஸ்லிம் கடையின் பெயர்ப்பலகையில் நீங்கள் பார்த்திருக்கும் 786 அந்தக் கணக்கில் வந்ததுதான். பிஸ்மில்லாஹ் வாசகத்தின் எழுத்து மதிப்புகளைக் கூட்டினால் கிடைக்கும் தொகை அது.

தமிழில் எழுதியதும் 20, 100, 600, 1000 எல்லாம் போய், நான்குமே வெறும் க ஆகிவிட்டன. இதைப் பெரிய விஷயமாக நான் அப்போது எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள் முத்தியால்பேட்டையில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போனபோது, சுவரில் மாட்டியிருந்த ஓர் அட்டையில் இதே கதையை வேறு மொழியில் பார்த்தேன்.

*

கோட்டக்குப்பத்தில் இருந்து முத்தியால்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். நடுவில் மாநில எல்லை ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் அது தேச எல்லை. இந்தப் பக்கம் ஆங்கிலேயர், அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர். நண்பன் வீட்டில் பாட்டு வகுப்பு நடக்கும். சுவரில் இருந்தது 72 மேளகர்த்தா ராகங்களின் சக்கரப் படம்.

எனக்குக் கர்நாடக இசை தெரியாது. சினிமாப் பாட்டு வழியாகத் தெரிந்த பெயர்களைத் தேடினேன். 21 கீரவாணி. 22 கரகரப்பிரியா. 23 கௌரிமனோகரி. மூன்றும் அடுத்தடுத்து இருந்தன. "இதெல்லாம் எப்படி ஞாபகம் வெச்சுக்கறே?" என்று கேட்டேன்.

"ஞாபகமே வேண்டாம். பேரைச் சொன்னா நம்பர் வந்துடும். முதல் ரெண்டு எழுத்தை எண்ணா மாத்தித் திருப்பிப் போடு" என்றான்.

இதற்குக் கடபயாதி முறை என்று பெயர். சமஸ்கிருத மெய்யெழுத்துகளுக்கு எண் கொடுப்பது. க முதல் வரிசையாக 1, 2, 3 என்று 9 வரை போய், பத்தாவது எழுத்தான ஞ-வுக்குச் சுழியம். மறுபடி ட-வில் தொடங்கி 1 முதல் 9, ந-வுக்குச் சுழியம். ப-வில் இருந்து ம வரை 1 முதல் 5. ய-வில் இருந்து ஹ வரை 1 முதல் 8. எந்தெந்த எழுத்தெல்லாம் 1 ஆகிறதோ அவற்றைச் சேர்த்தால் க, ட, ப, ய. முறையின் பெயரே அதன் திறவுகோல்.

நீங்களே போட்டுப் பாருங்கள். மாயாமாளவகௌளை: மா 5, யா 1. 51 வருகிறது. திருப்பினால் 15. அட்டையில் அதன் இடம் 15. மேசகல்யாணி: மே 5, ச 6. திருப்பினால் 65. ஹரிகாம்போதி: ஹ 8, ரி 2. திருப்பினால் 28. எல்லாம் சரியாக வருகிறது.

இப்போது கரகரப்பிரியா. க 1, ர 2. திருப்பினால் 21. ஆனால் அட்டையில் 22. கௌரிமனோகரி: கௌ 1, ரி 2. மறுபடியும் 21. அட்டையில் 23.

நண்பன் சிரித்தான். "தமிழ்ல போட்டா அப்படித்தான் வரும்." சமஸ்கிருதத்தில் நான்கு ககரங்கள். கீரவாணியின் க முதலாவது, மதிப்பு 1. கரகரப்பிரியாவின் க இரண்டாவது, மூச்சை விட்டுச் சொல்வது, மதிப்பு 2. கௌரியின் க மூன்றாவது, மதிப்பு 3. ஆக 21, 22, 23. மூன்று ராகங்கள் மூன்று தெருவில் இருக்கின்றன. தமிழில் எழுதினால் மூன்றும் கீரவாணி வீட்டில் குடியேறிவிடுகின்றன. நன்னா சொன்னது ஞாபகம் வந்தது.

தேடத் தேட இன்னும் கிடைத்தன. காமவர்த்தினி 51, கமனாசிரமம் 53. தமிழில் இரண்டுக்கும் க, ம. நாடகப்பிரியா 10, நடபைரவி 20. தமிழில் இரண்டுக்கும் ந, ட. தீரசங்கராபரணம் 29 ஆக வேண்டும். தமிழ்த் தகரத்தை முதல் தகரமாக எடுத்தால் 26 ஆகி, சாருகேசியின் வீட்டுக்குப் போய்விடுகிறது.

இதைத் தமிழ் எழுத்தின் குறை என்று நினைக்கிற ஆட்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சொல்லில் க எங்கே வருகிறது என்பதை வைத்தே அதன் ஒலி தீர்மானமாகிவிடுகிற மொழிக்கு நான்கு க எதற்கு? தமிழ்ச் சொற்களுக்குத் தமிழ் எழுத்து போதும். வெளியில் இருந்து வந்த சொல்லுக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும்போதுதான் அது வாசலிலேயே விழுந்துவிடுகிறது. அதனால்தான் தமிழ்நாட்டில் சமஸ்கிருதம் எழுதியவர்கள் கிரந்த எழுத்தை வைத்துக்கொண்டார்கள். தமிழ் முஸ்லிம்கள் தமிழையே அரபு எழுத்தில் எழுதும் அர்வியை உருவாக்கினார்கள். இரண்டு சமூகங்களும் ஒரே சிக்கலுக்குத் தனித்தனியாகப் பாலம் கட்டியிருக்கின்றன.

*

ஒரு ராகத்துக்கு எண் எதற்கு? 17ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் நாயக்கர் அரசவையில் இருந்த வேங்கடமகி, 'சதுர்தண்டி பிரகாசிகை' என்ற நூலில் போட்ட கணக்கு அது. ஸ, ப இரண்டும் அசையாதவை. மத்திமத்துக்கு இரண்டு வாய்ப்பு. ரிஷபமும் காந்தாரமும் சேர ஆறு வழி. தைவதமும் நிஷாதமும் சேர ஆறு வழி. ஆறை ஆறால் பெருக்கி, இரண்டால் பெருக்கினால் 72.

அந்த 72ஐ ஆறு ஆறாகப் பிரித்துப் பன்னிரண்டு சக்கரங்கள். சக்கரங்களின் பெயரைக் கேளுங்கள்: இந்து, நேத்ர, அக்னி, வேத, பாண, ருது. நிலா ஒன்று, கண் இரண்டு, தீ மூன்று, வேதம் நான்கு, மன்மதனின் அம்பு ஐந்து, பருவம் ஆறு. பெயரே எண். ஆக, கரகரப்பிரியா என்று சொன்னால் 22. 22 என்றால் நான்காவது சக்கரத்தில் நான்காவது ராகம். நான்காவது சக்கரம் என்றால் இன்ன ரிஷபம், இன்ன காந்தாரம். அதில் நான்காவது என்றால் இன்ன தைவதம், இன்ன நிஷாதம். பாட்டு ஒரு வரி கேட்காமலே, பெயரை மட்டும் வைத்து ஏழு சுரங்களையும் எழுதிவிடலாம். கதவிலக்கம், தெரு, ஊர் எல்லாம் சேர்ந்த முகவரி அது.

இந்தப் பெயர்கள் வேங்கடமகிக்குப் பின்னால் வந்தவர்கள் வைத்தவை. வைத்தவர்கள் படாத பாடு பட்டிருக்கிறார்கள். சங்கராபரணம், கல்யாணி, தோடி எல்லாம் ஏற்கெனவே புழங்கிய பெயர்கள். அவற்றின் எண் பொருந்தவில்லை. அதனால் முன்னால் ஓர் ஒட்டு: தீர-சங்கராபரணம், மேச-கல்யாணி, ஹனும-தோடி. சக்ரவாகத்துக்கு வேறு சிக்கல். கூட்டெழுத்தில் கடைசி மெய்யைத்தான் எண்ண வேண்டும் என்பது விதி. அப்படி எண்ணினால் 26 ஆகிவிடும். அதற்கு வேண்டியது 16. சரி, இங்கே மட்டும் க-வை எண்ணிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். பெயரை எண்ணுக்குப் பொருத்த முடியாத இடத்தில் விதியைப் பெயருக்குப் பொருத்திக்கொண்டார்கள்.

எண்ணை வைத்துப் பெயரிடுவது ஒன்றுதான் வழி என்று நினைத்துவிடக் கூடாது. தமிழின் பழைய பாலைகளில் வேறு தர்க்கம் இருந்தது. செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை. யாழின் நரம்புகளை மாற்றாமல், எந்த நரம்பைக் குரலாக வைத்துத் தொடங்குகிறோம் என்பதை மட்டும் மாற்றினால் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும். கோடிப்பாலைதான் இன்றைய கரகரப்பிரியா என்று ஆய்வாளர்கள் பலர் கொள்கிறார்கள். தஞ்சாவூரில் மருத்துவராக இருந்த ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்', விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' இரண்டும் இந்த உறவுகளை மீட்டெடுக்க உழைத்த நூல்கள். 22 என்ற பெயர், அட்டவணையில் அந்த ராகத்தின் இடத்தைச் சொல்கிறது. பாலை என்ற பெயர், அது எந்தக் குடும்பத்தில் பிறந்தது என்று சொல்கிறது. பெயர் மாறும்போது கேள்வியும் மாறிவிடுகிறது.

*

வேங்கடமகியின் கணக்கில் ஒரு துணிச்சல் இருந்தது. அவர் காலத்தில் 72இல் 19 மேளங்கள்தான் புழக்கத்தில் இருந்தன. மற்றவை யாரும் பாடாதவை. அட்டவணையில் அவற்றுக்கு வெறும் கட்டம்தான் இருந்தது. பின்னால் வந்தவர்கள் அந்தக் கட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். அதற்கும் பின்னால் வந்தவர்கள் பாட்டு வைத்தார்கள். கோடீசுவர ஐயர் 72 மேளங்களுக்கும் தமிழில் கீர்த்தனை இயற்றி, ஒவ்வொன்றிலும் ராகத்தின் பெயரையும் பொதிந்து வைத்தார். கட்டம் முதலில், பெயர் அடுத்து, பாட்டு கடைசியில்.

இதே வரிசை வேதியியலிலும் நடந்திருக்கிறது. ரஷ்யாவில் மெண்டலீவ் 1869இல் தனிமங்களை அட்டவணையில் அடுக்கியபோது சில கட்டங்கள் காலியாக இருந்தன. அங்கே இருக்க வேண்டிய தனிமத்தை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று அவர் சொன்னார். 1871இல் அவற்றின் குணங்களை முன்கூட்டியே விவரித்து, பெயரும் வைத்தார்: ஏக-போரான், ஏக-அலுமினியம், ஏக-சிலிக்கான். ஆமாம், நம்ம ஊர் 'ஏக' தான். சமஸ்கிருத எண். சிலிக்கானுக்கு அடுத்த ஒன்று என்று பொருள். வீட்டு எண் மாதிரி.

1875இல் முதல் காலி வீட்டுக்கு ஆள் வந்தது. கண்டுபிடித்தவர் பிரெஞ்சுக்காரர். காலியம் என்று பெயர். பிரான்சின் பழைய பெயரான காலியா அதில் இருக்கிறது. 1879இல் ஸ்காண்டியம், ஸ்காண்டிநேவியாவுக்காக. 1886இல் ஏக-சிலிக்கானைக் கண்டுபிடித்த வின்க்லர் அதற்கு ஜெர்மனியம் என்று பெயர் வைத்தார். ஏக-சிலிக்கான் என்ற பெயர், அந்தத் தனிமம் எங்கே இருக்கிறது, எப்படி நடந்துகொள்ளும் என்று சொன்னது. ஜெர்மனியம் என்ற பெயர் கண்டுபிடித்தவர் எந்த நாட்டுக்காரர் என்று மட்டும் சொல்கிறது. முகவரி போய்ப் பட்டம் வந்துவிட்டது.

இன்றும் அப்படித்தான். 118ஆவது தனிமத்துக்குப் பெயர் முடிவாகும் வரை உனுனாக்டியம் என்று கூப்பிட்டார்கள். உன், உன், ஆக்ட்: 1, 1, 8. அசல் கடபயாதி வேலை. 2016இல் யூரி ஓகனேசியன் என்ற விஞ்ஞானியின் பெயரால் அது ஓகனெசான் ஆனது. எண் மறைந்து மனிதர் வந்தார். இதைத் தப்பு என்று சொல்லவில்லை. உழைத்தவர் பெயர் நிற்பது நியாயம். ஆனால் அந்த நியாயம் யார் யாருக்குக் கிடைத்தது என்று கேட்டால், கதை எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது.

*

எழுத்தில் எண்ணை ஒளிக்கும் வித்தையை இசைக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. வானியலாரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். கேரளத்து ஹரிதத்தர் 683ஆம் ஆண்டு வாக்கிலேயே இதைப் பயன்படுத்திவிட்டார். 14ஆம் நூற்றாண்டின் மாதவர் தன் சைன் அட்டவணையையே கடபயாதிச் சொற்களில் செய்யுளாக வைத்திருந்தார். எண்களை மனப்பாடம் செய்வது கஷ்டம். பொருளுள்ள சொற்களை மனப்பாடம் செய்வது எளிது. சொல்லைக் கற்றுக்கொண்டால் எண் கூடவே வரும்.

நிலா வானில் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது வேகம், தள்ளிப் போகும்போது நிதானம். இந்த ஏற்ற இறக்கச் சுற்று ஒன்றுக்கு ஏறக்குறைய 27.55 நாள். ஒன்பது சுற்று சேர்ந்தால் கிட்டத்தட்ட சரியாக 248 நாள். அதனால் 248 சிறு வாக்கியங்கள். நாளுக்கு ஒன்று. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பொருள் உண்டு, கூடவே அன்றைக்கு நிலா எவ்வளவு தூரம் வந்திருக்கும் என்ற எண்ணும் உண்டு. முதல் வாக்கியத்தை எண்ணாக்கினால் 12 பாகை 3 கலை. நிதானமாக நகரும் நிலா ஒரு நாளில் கடக்கும் தூரம் அது. 248 வாக்கியம் தெரிந்த ஒருவர் ஏடும் இல்லாமல் கருவியும் இல்லாமல் நிலாவைத் தொடர்ந்து போகலாம். நாம் இன்றும் சொல்லும் 'வாக்கியப் பஞ்சாங்கம்' என்ற பெயரில் உள்ள வாக்கியம் இதுதான்.

1825இல் சென்னையில் 'காலசங்கலித' என்ற ஆங்கில நூல் வெளிவந்தது. எழுதியவர் ஜான் வாரன். பிரெஞ்சுப் பின்னணி, வேலை பார்த்தது ஆங்கிலேயரிடம். கோலாரில் தங்கம் இருக்கிறது என்ற பேச்சை 1802இல் விசாரிக்கப் போன அதே லெப்டினன்ட் வாரன். பிறகு சென்னை வானாய்வகத்தின் பொறுப்பையும் பார்த்தவர். தென்னிந்தியர்கள் காலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதுதான் நூல். அதற்காக அவர் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். 1825 மே 31, ஜூன் 1 இடையிலான இரவில் வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டும்படி கேட்டார்.

அவர் தரையில் உட்கார்ந்தார். சோழிகளை எடுத்து வைத்தார். அட்டவணைகள் அவர் வாயில் சொற்களாக இருந்தன. சொல்லச் சொல்லச் சோழிகள் இடம் மாறின. கணக்கு முடிந்தது. கிரகணம் தொடங்கும் நேரத்தில் 4 நிமிடம் பிழை. நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். இந்த மனிதருக்கு வானியல் கோட்பாடு ஒரு சொல்கூடத் தெரியாது, ஆனால் அபாரமான நினைவாற்றல் என்ற பொருளில் வாரன் எழுதிவைத்தார்.

ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, பண்டைய கணித வரலாற்றின் பெரிய அறிஞர் ஓட்டோ நியூகெபவர் இந்தப் பக்கத்தைப் படித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு நிமிடப் பிழை முக்கியமில்லை. 248 என்ற எண்தான் முக்கியம். அதே 248 பாபிலோனியக் களிமண் பலகைகளில் இருந்தது. ரோமானியர் கால எகிப்தின் கிரேக்கப் பாப்பிரஸில் இருந்தது. வராகமிகிரரிடம் இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் யூப்ரடீஸ் கரையில் போட்ட கணக்கு, 1825இல் புதுச்சேரியின் ஒரு தரையில் சோழிகளாக உயிரோடு இருந்தது என்பதை அவர் கண்டார். அதைச் சுமந்து வந்தவை கல்வெட்டுகள் அல்ல, மனப்பாடமான சொற்கள்.

*

வாரனுக்கு முன்னாலேயே ஒரு பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரியில் இதே கணக்கைப் பார்த்து வியந்திருக்கிறார். லெ ஜென்டில். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடப்பதை அளக்க 1760இல் பிரான்சில் இருந்து கிளம்பியவர். வரும் வழியிலேயே புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761இல் வெள்ளி கடந்தபோது அவர் நடுக்கடலில் கப்பலில் இருந்தார். ஆடும் தளத்தில் அளவு எடுக்க முடியவில்லை. அடுத்த கடப்பு எட்டு ஆண்டு கழித்து. காத்திருந்தார். 1768இல் புதுச்சேரி வந்து, வானாய்வகம் கட்டி, தமிழர்களிடம் அவர்களுடைய கிரகணக் கணக்கையும் கற்றுக்கொண்டார். 1769 ஜூனில் அந்த நாள் வந்தது. காலையில் மேகம் மூடிக்கொண்டது. ஊருக்குத் திரும்பினால் அவர் இறந்துவிட்டதாக முடிவுசெய்து, அறிவியல் கழகத்தில் அவர் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

பாவம்தான். ஆனாலும் அவர் பெயர் நின்றது. நிலாவின் தென்கோடியில் ஒரு பள்ளத்துக்கு லெ ஜென்டில் என்று பெயர்.

புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரரின் பெயர்? வாரன் அதையும் எழுதியிருக்கிறார், அந்த வகையில் அவர் நல்லவர்தான். ஆங்கில எழுத்தில் அவர் எழுதியதை அப்படியே படித்தால் 'சாமி நாடென் சாஷியா' என்று வருகிறது. சுவாமிநாதன் சேஷய்யாவாக இருக்கலாம். இரண்டும் ஒருவரா, தகப்பன் பெயரும் மகன் பெயருமா, அதை அந்த எழுத்து சொல்லாது. ஒரு மூச்சொலி தவறினால் ராகம் வேறு வீட்டுக்குப் போய்விடும் என்கிற வித்தையை வாழ்நாள் முழுக்கச் செய்தவர். அவருடைய சொந்தப் பெயர் எழுத்து மாறி எங்கோ போய்விட்டது. தமிழுக்குள் வந்ததும் கரகரப்பிரியா எண்ணைத் தொலைத்த மாதிரி, ஆங்கிலத்துக்குள் போனதும் இவர் பெயரைத் தொலைத்தார்.

'கோட்பாடு தெரியாது' என்று வாரன் எழுதியது எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. இப்போது இரண்டு விதமாகவும் தோன்றுகிறது. சொல்லில் எண்ணைப் பொதிந்து வைப்பதன் பயனே அதுதான்: பின்னால் வருகிறவருக்கு முழுக் காரணம் தெரியாவிட்டாலும் கணக்கு வரும். போர் வரும், அரசு மாறும், ஏடு செல்லரிக்கும். வாயில் இருக்கும் சொல் தப்பிக்கும். அது பலம். ஆனால் அதே சொல் பிழையையும் பத்திரமாகக் கொண்டுவரும். சொல்லைத் திருத்தினால் செய்யுள் கெடும், மனப்பாடம் கெடும். அதனால் யாரும் திருத்துவதில்லை.

இது பழங்கதை இல்லை. 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று தொலைக்காட்சிகள் சொன்னபோது, திருநள்ளாறு கோயில் நிர்வாகம் அதை மறுத்தது ஞாபகம் இருக்கும். எங்கள் கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது, அதன்படி பெயர்ச்சி 2026இல்தான் என்றார்கள். மார்ச் 29 திருக்கணிதப் பஞ்சாங்கத்தின் கணக்கு, இன்றைய வானியல் அளவுகளின்படி போட்டது. வாக்கியம் பழைய அளவுகளை அப்படியே வைத்திருக்கிறது. ஒரே சனி, இரண்டு தேதி. பிள்ளை பிறந்த நாழிகையில் இருந்து கல்யாணத் தேதி வரை இந்த இரண்டு பஞ்சாங்கச் சண்டை தமிழ்நாட்டு வீடுகளில் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

எங்கள் பக்கமும் சிரிக்க முடியாது. ரமலான் முடிவில் பிறையைக் கண்ணால் பார்த்துத்தான் பெருநாளா, கணக்குப் போட்டு முன்பே சொல்லலாமா என்று வருடா வருடம் பேச்சு. ஒரு வீட்டில் ஒருநாள் நோன்பு, அடுத்த வீட்டில் அதே நாள் பிரியாணி. கடற்கரையில் நின்று மேற்கே பார்த்தால் தென்னை மறைக்கும் என்று எல்லாரும் மொட்டைமாடிக்குத்தான் போவோம். நன்னா கண்ணால் பார்க்கும் கட்சி. நான் கணக்குக் கட்சி. புதுச்சேரிச் சோழிக் கணக்கை அவரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"அவரு கணக்குப் போட்டாரு, சரி. அன்னிக்கு ராத்திரி வெளிய வந்து பாத்தாரா?"

வாரனின் கணக்கில் 4, 23, 52 என்ற பிழைகள் இருக்கின்றன என்றால் யாரோ வெளியே வந்து பார்த்திருக்கிறார்கள். சேஷய்யாவும் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். தான் சொன்ன நேரம் கடந்தும் நிழல் விலகாத நிலாவைப் பார்த்து, எந்தச் சொல்லில் பிழை என்று மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருப்பார். இது என் கற்பனை. அப்படிப் பார்த்திருந்தால் வாரன் சொன்னது தப்பு.

மொய்ப் பட்டியலில் இப்போது ஒரு பத்தி கூட்டியிருக்கிறேன். தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் அரபு எழுத்திலும் பெயர். நன்னா உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் அடித்தேன். கபீரும் கலீலும் கனியும் காதரும் அவரவர் தெருவுக்குப் போய்விட்டார்கள். நண்பனும் தன் சுவர் அட்டையில் கரகரப்பிரியாவின் முதல் க-வுக்கு மேலே பென்சிலால் சின்னதாக 2 என்று போட்டிருக்கிறான், கௌரிக்கு 3.

சேஷய்யாவுக்கு அப்படி ஒரு பத்தி போட வேண்டும் என்றுதான் ஆசை. அதில் எந்த எழுத்தை எழுதுவது என்றுதான் தெரியவில்லை.